சுண்ணாம்பு என்று எழுதிக் கொடுத்து சிமென்ட் பூசினார்கள்: பழைய வீட்டை வேலைக்குக் கொடுக்குமுன் படியுங்கள்

காரைக்குடிப் பக்கம் உள்ள எங்கள் பங்காளி வீட்டைச் சரிசெய்ய, மரபுக் கட்டடப் பாதுகாப்பே தங்கள் சிறப்பு என்று சொல்லும் ஒரு ஆர்க்கிடெக்ட் நிறுவனத்தை அமர்த்தினோம். பெயரை இங்கே எழுதவில்லை. செட்டிநாட்டிலும் வெளியிலும் பழைய வீடு வைத்திருக்கும் யாருக்கும் இதே முறையில் நடக்கலாம் என்பதால், நடந்ததை வேலை வாரியாகச் சொல்கிறோம்.

அவர்கள் முதலில் கொடுத்த ஆய்வறிக்கையிலேயே கோளாறு தெரிந்திருக்க வேண்டும். கனமான புத்தகம், வண்ணப் படங்கள், வேலை முடிந்ததும் வீடு எப்படி இருக்கும் என்ற கணினிச் சித்திரங்கள். உள்ளே ஒரு பத்தியில் "கடற்காற்றின் உப்பால் சுவர் அரிக்கப்பட்டுள்ளது" என்று இருந்தது. காரைக்குடி கடலை ஒட்டிய ஊரே இல்லை. வேறெங்கோ ஒரு கட்டடத்துக்கு எழுதியதை அப்படியே ஒட்டியிருந்தார்கள்.

உருப்படியான ஆய்வறிக்கை என்றால் ஒவ்வொரு சுவருக்கும் அளவெடுத்த வரைபடம் இருக்கும். அதில் விரிசல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்) எத்தனை அடி ஏறியிருக்கிறது, தட்டினால் எந்த இடத்தில் காரை பொள்ளென்று கேட்கிறது, எந்த உத்தரத்தின் முனை சுவருக்குள் மக்கியிருக்கிறது என்பதெல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏன் என்பது எழுதப்பட்டிருக்கும். எங்கள் வீட்டில் ஓதத்துக்குக் காரணம் வீட்டு நடுவிலுள்ள வளவு முற்றத்தின் வடிகால் அடைத்துக்கொண்டதுதான். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து வெளியே போக வழியில்லாமல் அஸ்திவாரத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வடிகாலைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

பூச்சு வேலைக்கு வருவோம். பெரிய இழப்பு அங்கேதான். மதிப்பீட்டில் "பாரம்பரியச் சுண்ணாம்புக் காரை, கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு" என்று போட்டு அதற்கேற்ற விலையும் போட்டிருந்தார்கள். தளத்துக்கு வந்ததோ கட்டிச் சுண்ணாம்பு கொஞ்சம், வெள்ளை சிமென்ட் மூட்டைகள் நிறைய. கடுக்காய்த் தண்ணீரை அதில் ஊற்றினார்கள். வாசனை வரும், நிறமும் ஒத்துப்போகும், பார்ப்பவர் நம்பிவிடுவார்.

சுவர் செங்கலும் சுண்ணாம்பும். தரையிலிருந்து உறிஞ்சும் ஈரத்தைக் காரை வழியாகவே வெளியே விட்டு அது உலரும். சிமென்ட் பூச்சு கெட்டியானது, ஈரத்தை எளிதில் வெளியே விடாது. வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறுகிறது. முன்பு மூன்றடியில் நின்ற ஓதம் ஒரு மழைக்காலம் கழிந்ததும் ஐந்தடியைத் தாண்டியது. ஈரத்தோடு வரும் உப்பு, பூச்சுக்கும் செங்கலுக்கும் நடுவில் படிகமாகிப் பருத்து, செங்கல்லின் முகத்தையே பொடியாக உதிர்க்கிறது. அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் வேறு அடித்திருந்தார்கள். அது கொப்புளம் கொப்புளமாக உரிந்தது.

இதைத் தளத்திலேயே கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. கொத்தனார் குழைத்த கலவையில் ஒரு உருண்டை எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு நாள் கழித்துத் திறந்து பாருங்கள். சுண்ணாம்பு இறுகுவதற்குக் காற்றிலுள்ள கரியமில வாயு வேண்டும், ஆகவே அது பைக்குள் பிசையும் பதத்திலேயே இருக்கும். சிமென்ட் கலந்திருந்தால் கல்லாகியிருக்கும். செங்கல் தூள் (சுர்க்கி) சேர்த்த காரை லேசாக இறுகலாம், ஆனால் இரண்டு நாளில் கல்லாகாது. எலுமிச்சையோ வினிகரோ விட்டு நுரைக்கிறதா என்று பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. அதை நம்ப வேண்டாம், பழைய சிமென்ட் பூச்சும் நுரைக்கும்.

நேரமும் ஒரு சாட்சி. சுண்ணாம்பைத் தாளித்து (தண்ணீர் விட்டு நீற்றி) தண்ணீருக்கடியில் குறைந்தது மூன்று வாரம் ஊற விட வேண்டும், கூட இருந்தால் இன்னும் நல்லது. சரியாகத் தாளியாத பொடிக்கல் உள்ளே இருந்தால், பூசிய பிறகு அது விரிந்து சுவரில் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாகத் தெறிக்கும். கடுக்காயும் வெல்லமும் தனியாகப் பல நாள் ஊறிப் புளிக்க வேண்டும். ஒரு பூச்சு 10 முதல் 12 மில்லிமீட்டருக்கு மேல் கனம் போகக் கூடாது. ஒரு பூச்சு காய்ந்து இறுகிய பிறகே அடுத்தது. கடைசி மெருகுப் பூச்சு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், அதைக் கல்லால் தேய்த்துத் தேய்த்துத்தான் பளபளப்பு வர வேண்டும். முன்பணம் வாங்கிய பத்தாம் நாளே "சுண்ணாம்புப் பூச்சு" தொடங்கினால், அந்தச் சுண்ணாம்பு எங்கே, எப்போது தாளித்தது என்று கேளுங்கள். தொட்டியைக் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

மொட்டைமாடியில் செய்தது இன்னும் ஆபத்தானது. எங்களுடையது மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு இடித்து, மேலே தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்தது. ஒழுகினால் தட்டோட்டைப் பெயர்த்து, ஜல்லிக் காரையைச் சரிபார்த்து, கெட்ட இடத்தில் புதிதாக இட்டு, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்துக்கொண்டே கொட்டாப்புளியால் (மரச் சுத்தியால்) அடிக்க வேண்டும். அடித்த கொட்டாப்புளி துள்ளி எழும்பும்வரை அடிப்பது கணக்கு. இவர்களோ பழைய தளத்தின் மேலேயே 50 மில்லிமீட்டர் சிமென்ட் கான்கிரீட் போட்டு நீர்த்தடுப்பு ரசாயனம் பூசிவிட்டார்கள். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 120 கிலோ கூடுதல் பாரம். பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றின் தலையில் ஒரு டன்னுக்கு மேல் ஏறிவிட்டது. ஏற்கெனவே உள்ளே இருந்த ஈரம் மேலே போக முடியாமல் மரத்துக்குள் இறங்குகிறது. கட்டையின் முனைகள் சுவருக்குள் புதைந்திருப்பதால், அவை மக்குவது கண்ணுக்குத் தெரியாது.

பிறகு மரம். "செல்லரித்தது" என்று சொல்லி ஏழு பர்மா தேக்கு உத்தரங்களை மாற்றினார்கள். பழசு எங்கே என்று கேட்டால் ஒப்பந்தத்தைக் காட்டினார்கள்: "கழிவுகளை அகற்றுவது ஒப்பந்தக்காரர் பொறுப்பு". அந்த ஒரு வரியை வைத்து உத்தரம், கதவு நிலை, தட்டோடு எல்லாம் கழிவாகிவிட்டன. பழைய தேக்குக்குச் சந்தையில் என்ன விலை என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். முனை மட்டும் மக்கிய உத்தரத்துக்கு அந்த முனையை வெட்டிவிட்டுப் புதுத் துண்டை இணைத்தாலே போதும். முழுசாக மாற்ற வேண்டுமென்றால், ஒவ்வொரு உத்தரத்திலும் குத்தூசியால் குத்திப் பார்த்த ஆழமும் படமும் எழுத்தில் வேண்டும்.

ஆகவே ஒப்பந்தத்தில் நீங்களே எழுத வேண்டியவை: கழற்றும் ஒவ்வொரு பொருளும் வீட்டுக்காரர் சொத்து, எண்ணிட்டுப் பட்டியலாக ஒப்படைக்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் மாதிரிப் பூச்சு போட்டு, ஒப்புதல் கிடைத்த பிறகே மற்ற சுவர். சிமென்ட் மூட்டை தளத்துக்குள் வந்தால் அந்த வாரப் பணம் நிற்கும். ஆர்க்கிடெக்ட் கட்டணத்தை மொத்தச் செலவில் சதவீதமாக வைக்காமல், முடிந்தவரை கட்டம் கட்டமாக ஒரே தொகையாகப் பேசுங்கள். செலவு கூடக் கூடத் தன் கட்டணமும் கூடும் என்றால், மாற்றத் தேவையில்லாத உத்தரத்தையும் மாற்றத்தான் சொல்வார்கள். நாங்கள் படம் வரைந்து முடித்ததற்கே கட்டணத்தில் பாதிக்கு மேல் கொடுத்துவிட்டோம், அதற்குப் பிறகு தளத்துக்கு யாரும் ஒழுங்காக வரவில்லை.

"மரபுப் பாதுகாப்பு ஆர்க்கிடெக்ட்" என்பதற்கு இந்தியாவில் தனிச் சட்டப் பதிவு கிடையாது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிந்தவரே ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். பதிவு எண்ணைக் கேட்டுக் கவுன்சில் பட்டியலில் சரிபாருங்கள். மரபுக் கட்டடப் பாதுகாப்பில் மேற்படிப்பு உண்டா, முடித்த சுண்ணாம்பு வேலையை மூன்று மழைக்காலம் கழித்துப் போய்ப் பார்க்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. தொழில் நடத்தை பற்றிய புகாரைக் கவுன்சிலுக்கு அனுப்பலாம். நஷ்ட ஈட்டுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, ஆனால் வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

ஏற்கெனவே சிமென்ட் பூசிவிட்டவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொத்தி எடுக்க இறங்காதீர்கள். முதலில் வடிகாலைத் திறந்து தண்ணீரை நிறுத்துங்கள். கோடையில், தரையிலிருந்து ஓதம் ஏறிய உயரத்துக்கும் ஒரு அடி மேல்வரை மட்டும், சிறு உளியால் மெதுவாகப் பெயருங்கள். செங்கல் முகமும் சேர்ந்து வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். வெளியே பூக்கும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலர்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அப்புறப்படுத்துங்கள். சுவரைச் சில மாதம் வெறுமனே உலர விட்டு, அதன் பிறகு சுண்ணாம்பு பூசுங்கள். எங்கள் வீட்டில் கீழ்ச் சுவர்கள் இப்போது அப்படித்தான் காய்ந்துகொண்டிருக்கின்றன. மொட்டைமாடிக் கான்கிரீட்டை, கீழே முட்டுக் கொடுக்காமல் யாரும் தொட வேண்டாம்.