வாத்தியார் சட்டை என்று யாராவது விற்க வந்தால்

வடபழனிப் பக்கம் ஒருவர் 'வாத்தியார் வீட்டில் போட்டுக்கொண்ட சட்டை' என்று, அதாவது எம்.ஜி.ஆர். போட்டதென்று, வெள்ளைச் சட்டைகளை விற்றுக்கொண்டிருக்கிறார். 22,000 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். சுத்தப் போலி. சினிமாப் பொருள் சேர்க்கிறவர்கள் உஷாராக இருங்கள்.

படத்தில் போட்ட உடை என்றால் ஸ்டில்லை வைத்துக்கொண்டு சரிகை, பட்டன், பூவேலை எல்லாம் ஒப்பிடலாம். வீட்டு உடுப்புக்கு அந்த வசதி கிடையாது. வெள்ளைச் சட்டைக்கு எந்த போட்டோவும் பொருந்தும். அவர் காட்டியதும் பொருந்தியது. கூடவே ஒரு கதை: எம்.ஜி.ஆர். குடியிருந்த ராமாவரம் தோட்டத்துக்குத் துணி வெளுத்தவர் குடும்பத்திலிருந்து வந்ததாம். காலருக்குள் இரண்டு கோடும் மூன்று புள்ளியுமாகச் சலவைக் குறி, யார் வீட்டுத் துணி என்று தெரிய வெளுப்பவர் போடுவது. அதைத்தான் பெரிய சாட்சியாகக் காட்டினார்.

வீட்டில் ஈரப் பஞ்சால் லேசாக ஒற்றிப் பார்த்தேன். குறி நீலமாகக் கசிந்து துணியில் பரவியது. வெளுப்பவர்கள் குறி போடும் சேங்கொட்டை என்ற கொட்டையின் சாற்றில் போட்ட குறி எத்தனை வெளுப்புக்கும் போகாது, அதற்காகத்தானே அதில் போடுவார்கள்! இது வெறும் பேனா மை.

அப்புறம் தையல்காரர் லேபிள். பாதி கிழித்து, பழசாகத் தெரிய டீயில் நனைத்திருக்கிறார்கள், வாசனை அப்படியே இருக்கிறது. மீதிப் பாதியில் ஊர்ப் பெயர் ஆங்கில எழுத்தில் 'சென்னை'. எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24. ஆங்கிலத்தில் மெட்ராஸ் சென்னையானது 1996-இல். போன் போட்டுக் கேட்டேன்.

"அது பின்னாடி மாத்துன லேபிள் சார்" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல். போய்ச் சேர்ந்தவர் சட்டைக்கு எந்த டெய்லர் புது லேபிள் தைப்பார்?

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ரசீதைப் பார்க்கச் சொன்னார். 'பழைய சட்டை – 1' என்று மட்டும் இருந்தது. வாத்தியார் பெயர் இருந்தது சட்டையோடு கொடுத்த ஹாலோகிராம் ஒட்டிய சான்றிதழில்தான். அதில் கையெழுத்தும் இல்லை, முகவரியும் இல்லை.

வீட்டு உடுப்பு யாரிடமிருந்து யாருக்குக் கை மாறியது என்பதுதான் ஆதாரம். ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோவின் அன்றாட உடைகள் 1999-இல் நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் ஏலத்துக்கு வந்தன. உயில்படி நடிப்பு ஆசிரியர் லீ ஸ்ட்ராஸ்பெர்குக்குப் போய், அவருக்குப் பின் மனைவியிடம் இருந்தவை அவை. நம் ஊரில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் கொடுத்தவர் யார், எந்த வருஷம், எப்படிக் கைக்கு வந்தது என்று கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். ரசீதிலேயே 'எம்.ஜி.ஆர். அணிந்த சட்டை' என்று எழுதச் சொல்லுங்கள். தயங்கினால் கிளம்பிவிடுங்கள். (அவர் புழங்கிய பொருள்களைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு தி.நகர் நினைவு இல்லம் இருக்கிறது. அதற்கு 22,000 ரூபாய் வேண்டாம்.)

அதே ஆள் இப்போது ஸ்டேட்டஸில் ஒரு ஜிப்பா போட்டிருக்கிறார். இது சிவாஜியுடையதாம். இவரிடம் ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் ரசீதோடு இன்பாக்ஸுக்கு வாருங்கள், சேர்ந்தே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.