டாஷா புத்தகத்தின் மனசக்தி ஆட்கள்: பெங்களூர் அல்சூர் மொட்டைமாடியில் எட்டு மாதம் ஆடிப் பார்த்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் புத்தகத்தை நான் வாங்கியது ஆடுவதற்காக இல்லை, திருடுவதற்காக. டி அண்ட் டி என்பது ஆளுக்கொரு பாத்திரமாகி டைஸ் உருட்டிக் கதை ஆடும் மேசை விளையாட்டு. எங்கள் டி அண்ட் டி கேம்பெயினில், அதாவது தொடர்கதை மாதிரி நீளும் ஆட்டத்தில், ஒரு சித்தர் க்ளாஸ் (பாத்திர வகை) வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. மந்திரவாதிகள் மேசை நிறைய இருக்கிறார்கள், அவர்கள் ஒரு நெருப்பு உருண்டை வீசுவதற்கே வௌவால் எச்சத்தைப் பையில் கட்டிக்கொண்டு அலைய வேண்டும் என்று ரூல் புத்தகம் சொல்கிறது. எனக்கு வேண்டியது கோல், ஓலை, எச்சம் எதுவும் இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்தபடியே எதிரில் இருப்பவன் மனசுக்குள் நுழைந்துவிடுகிற ஆள். அதை நாமே செய்துகொள்ளலாம், ஆனால் ஏற்கெனவே செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்துவிட்டுத் தொடங்கலாமே என்றுதான் ‘டாஷா'ஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ என்ற துணை ரூல் புத்தகத்தை வாங்கினேன். 2020 நவம்பரில் வந்தது, 192 பக்கம், அட்டை விலை 49.95 டாலர். எங்கே வாங்கினேன் என்று சொல்லவில்லை, ஆனால் ஒரு மூலை நசுங்கி உள்ளே பல பக்கம் மடங்கி வந்தது, மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால் "படிக்க முடியுதா சார்?" என்றார்கள். படிக்க முடிகிறது.

இதில் மனசக்திக்கென்று தனி க்ளாஸ் கிடையாது. ஏற்கெனவே உள்ள க்ளாஸ்களுக்கு மூன்று சப்க்ளாஸ் (உட்பிரிவு) மட்டும்தான்: ரோகுக்கு (திருடன்) சோல்நைஃப், ஃபைட்டருக்கு (போர்வீரன்) சை வாரியர், சோர்சரருக்கு (பிறவி மந்திரவாதி) அபெரன்ட் மைண்ட். கூடவே சில ஸ்பெல் (மந்திரம்), இரண்டு ஃபீட் (கூடுதல் திறமை). இதற்குப் பின்னால் பழைய கதை ஒன்று இருக்கிறது. இந்த விளையாட்டுக்குள் மனசக்தி 1976லேயே வந்துவிட்டது. 1978 ரூல்களில் அது ஒரு லாட்டரி மாதிரி, பாத்திரத்தின் அறிவோ ஞானமோ கவர்ச்சியோ 16 புள்ளியோ அதற்கு மேலோ இருந்தால் நூறு பக்க டைஸை உருட்டிப் பார்க்கலாம், சாதாரணமாக நூற்றுக்கு ஒருவனுக்குத்தான் விழும், விழுந்தவன் தன் க்ளாஸுக்கு மேல் இலவசமாக இன்னொரு சக்தியோடு திரிவான். 2017இல் இந்த விளையாட்டை வெளியிடுபவர்கள் மிஸ்டிக் என்று ஒரு முழு க்ளாஸைச் சோதனைக்கு விட்டார்கள். பாயின்ட் கணக்கு, பக்கம் பக்கமாக சக்திப் பட்டியல், மளிகைக் கடை நோட்டு மாதிரி. எல்லார் வேலையையும் ஒருத்தனே செய்துவிடுவான். அதை அப்படியே ஓரம் கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் இது.

சரி, சோல்நைஃப். இதைத்தான் நாங்கள் அதிகம் ஆடினோம், எங்கள் குழுவில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஒருவர் எடுத்துக்கொண்டார். மூன்றாம் லெவலில் கையில் நாலு ஆறுபக்க டைஸ் தருகிறார்கள், மனசக்தி டைஸ். ஐந்தாம் லெவலில் அது ஆறு எட்டுபக்க டைஸ் ஆகிறது. வேறு பாயின்ட் கிடையாது, நோட்டு கிடையாது. ஒரு சின்ன தட்டில் டைஸை வைத்துக்கொள்ள வேண்டியது, செலவானால் எடுத்துவிட வேண்டியது. எவர்சில்வர் டபரா ஒன்றை அக்கா அதற்கென்றே கொண்டுவருவார்.

இந்த டைஸில் எனக்கு மிகவும் பிடித்த ரூல் ஒன்று இருக்கிறது. நமக்குத் தேர்ச்சி உள்ள ஒரு வேலையில் உருட்டித் தோற்றுவிட்டால் ஒரு மன டைஸை உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் அதனால் தோல்வி வெற்றியாக மாறினால்தான் டைஸ் செலவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் கருவூலப் பூட்டு, 15 வேண்டும். அக்காவுக்கு எல்லாம் கூட்டி 12. டபராவிலிருந்து ஒன்றை எடுத்தார், மூன்று விழுந்தால் போதும். உருண்டு வந்து நின்றது இரண்டு. பூட்டு திறக்கவில்லை. அவர் டைஸை ஓரமாகத் தள்ளப் போனபோது ஆட்டத்தை நடத்தும் எங்கள் டிஎம் சொன்னான், "அக்கா, அதைத் திரும்ப வச்சுக்கோங்க, செலவாகலை." அப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நெற்றி நரம்பு புடைக்க முயன்றும் கைகூடாமல் போன சக்தி, ஆனால் தீர்ந்துபோகவில்லை. மந்திரம் அப்படி இல்லை, சொல்லிவிட்டால் பலித்தாலும் பலிக்காவிட்டாலும் போனது போனதுதான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வரி ரூலில் காட்டிவிட்டார்கள், வடிவமைப்பு என்றால் இதுதான்.

இன்னொரு வரியும் உண்டு. சோல்நைஃபின் கத்தி மனசால் ஆனது, பட்டதும் மறைந்துவிடும், அடிபட்ட உடம்பில் எந்தத் தடமும் இருக்காது. படிக்கும்போது அலங்கார வரி என்றுதான் நினைத்தேன். ஆனால் ஆட்டத்தில் அக்காவின் கத்தி பட்டு பண்ணையார் வீட்டுக் காவல்காரன் வாசலில் செத்துக் கிடந்தான், ஒரு கீறல் இல்லை. ஊர் வைத்தியர் வந்து பார்த்துவிட்டு "முனி அடிச்சிருக்கு" என்றார். மறுநாள் வீட்டுக்கு வீடு வேப்பிலை. அதற்குப் பிறகு மூன்று செஷன் நாங்கள் சண்டையே போடவில்லை, ஊர் பயத்தை வைத்தே பிழைத்தோம், முனிக்குப் பலி கொடுக்க வந்த பூசாரியிடம் தட்சிணை வேறு வாங்கினோம். (இதை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.)

சை வாரியர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதே டைஸை வைத்து அடி விழும்போது தடுக்கலாம், முப்பது அடி தூரத்தில் நிற்கும் நண்பனுக்கு விழும் அடியைக்கூடக் குறைக்கலாம், நல்ல ஆள். ஆனால் ஆடியவனுக்கே பாதி நேரம் தான் மனசக்திக்காரன் என்பது மறந்துபோனது, கேடயம் கொஞ்சம் பெரிது என்ற அளவில்தான் இருந்தது.

அபெரன்ட் மைண்ட் சோர்சரருக்கு ஆறாம் லெவலில் தன் மனசக்தி ஸ்பெல்களை வாய் திறக்காமல், கை அசைக்காமல் போட முடிகிறது. அரசவையில் கைகட்டி நின்றபடியே மந்திரியைக் குழப்பலாம், பிரமாதம். ஆனால் அதன் மனப்பேச்சில் ஒரு நிபந்தனை, இரண்டு பேருக்கும் தெரிந்த மொழியில்தான் நினைக்க வேண்டுமாம். சிரிப்பு வந்துவிட்டது. நான் தமிழில் கேட்டு அவர் கன்னடத்தில் பதில் சொல்லி நடுவில் இந்தியில் பேரம் பேசி வெண்டைக்காய் வாங்கி வருகிறேன், அல்சூர் மார்க்கெட்டில் நடக்கிற வேலை மனசுக்கு மனசு நடக்காதா? அந்த நிபந்தனையை எங்கள் மேசையில் முதல் வாரமே தூக்கிவிட்டோம்.

இப்போது என் குறை. இந்த மூன்றில் எதற்கும் விலை இல்லை. டைஸோ ஸ்பெல்லோ தீரும், தூங்கி எழுந்தால் திரும்ப வரும், அவ்வளவுதான். நமக்குத் தெரிந்த கதைகளில் அப்படி இல்லையே. திருமூலர் மாடு மேய்க்கும் மூலன் செத்துக் கிடந்ததையும் பசுக்கள் அழுததையும் பார்த்து இரக்கப்பட்டு அவன் உடம்புக்குள் போகிறார், மாடுகளை வீடு சேர்த்துவிட்டுத் திரும்பி வந்தால் தன் உடம்பைக் காணோம். கடைசிவரை அந்த இடையன் உடம்பிலேயே இருக்க வேண்டியதாகிவிட்டது. கூடு விட்டுக் கூடு பாய்வது என்றால் அதுதான் பாய்ச்சல். எங்கள் சித்தருக்கு அந்த உதறல் வேண்டும்.

அதற்கு உதவியது இந்தப் புத்தகம் இல்லை, இது வருவதற்குச் சில மாதம் முன்பு, 2020 ஏப்ரலில், இதே ஆட்கள் சோதித்துவிட்டுக் கைவிட்ட ஒரு வடிவம். அதில் ஒரே ஒரு டைஸ்தான். உச்ச எண் விழுந்தால் டைஸ் ஒரு படி சின்னதாகும் (ஆறுபக்கம் நாலுபக்கமாகும்), ஒன்று விழுந்தால் பழைய அளவு வரைக்கும் ஒரு படி பெரிதாகும். மனசை உச்சத்துக்குக் கொண்டுபோனால் களைப்பு, தோற்றால் கொஞ்சம் தெம்பு, எவ்வளவு அழகு! எங்கள் வடிவத்தில், நாலுபக்க டைஸிலும் உச்சம் விழுந்தால் சக்தி அன்றைக்குப் போச்சு. ஆறு வாரம் ஆடினோம். மூன்றாவது வாரம் அக்காவுக்கு முதல் உருட்டில் ஆறு, அடுத்ததில் நாலு. இருபத்து நாலில் ஒரு தடவை நடக்கக்கூடியது, அன்று நடந்தது. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஒன்றரை மணி நேரம் நின்று வந்தவர், பத்து நிமிடத்தில் சாதாரண ரோக் ஆகி, மீதி மூன்று மணி நேரம் முறுக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் கைவிட்டிருப்பார்கள் என்று அப்போது புரிந்த மாதிரி இருந்தது.

அதனால் இப்போது இரண்டையும் கலந்திருக்கிறோம்: புத்தகத்தில் உள்ளபடி நிறைய டைஸ், ஆனால் உச்ச எண் விழுந்த டைஸ் மட்டும் மறுநாள் வரை ஒரு அளவு சின்னதாகவே இருக்கும்.

வாங்கலாமா என்று கேட்டால், 2024 ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக் (புதிய அடிப்படை ரூல் புத்தகம்) கையில் இருப்பவர்கள் இதற்காக மட்டும் வாங்க வேண்டாம், இந்த மூன்று சப்க்ளாஸும் சில மாற்றங்களோடு அதிலேயே வந்துவிட்டன. தனி க்ளாஸ்தான் வேண்டும் என்பவர்கள் 2025 மே மாதம் சோதனைக்கு விட்ட சையானைப் பார்க்கலாம், அது பிடிஎஃப் ஆக இலவசம். பழைய ரூலிலேயே ஆடிக்கொண்டு சொந்தமாக ஒன்றைச் செய்ய நினைப்பவர்கள் வாங்கலாம், அந்த டைஸ் பக்கங்களுக்காக. எனக்கு அவை மடங்காமல் வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.