சிரட்டைத் தணலா, தாச்சியா?

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டில் ஹொட் டோக் என்றால் இரண்டு கட்சி. மாமாவுக்கு வளவில் சிரட்டைத் தணல்தான் வேண்டும். அக்காவுக்குக் குசினியில் கேஸ் அடுப்பும் தாச்சியும் போதும். நான் இரண்டு பக்கமும் சாப்பிடுகிறவன்.

பைக்கற்றில் வரும் ஹொட் டோக் சொசேஜ் பெரும்பாலும் ஏற்கெனவே வேகவைத்ததுதான். வேகாததும் விற்கிறார்கள், உறையை ஒருமுறை வாசியுங்கள். எதுவானாலும் நடுப்பகுதி 74 பாகை செல்சியசைத் தொட வேண்டும், வெளியே சிவக்க வேண்டும். எரிகிற நெருப்பில் அவசரப்பட்டு வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகித் தோலைக் கிழித்துவிடும். கொழுப்பும் ஒழுகிப்போய்ச் சக்கைதான் மிஞ்சும்.

நான் முதன்முதலில் சிரட்டையில் வாட்டியபோது நடந்தது அதுதான். சிரட்டை எண்ணெய்ப்பிடிப்பானது, பற்றியதும் கரும்புகையோடு சுவாலை எழும்பும். அதற்கு மேலேயே கம்பி வலையை வைத்தேன். வெளியே கரி, உள்ளே ஃபிரிட்ஜ் குளிர். "பொறடா தம்பி, நீறு பூக்கட்டும்" என்று மாமா சொன்னதைக் கேட்டிருக்கலாம். சுவாலை அடங்கிச் சாம்பல் போர்த்த பிறகு தணலை ஒரு பக்கமாக ஒதுக்க வேண்டும். தணலுக்கு மேலே உருட்டிச் சிவக்கவிட்டு, தணல் இல்லாத பக்கம் தள்ளி உள்ளே சூடேற விட வேண்டும். கொழுப்புச் சொட்டுத் தணலில் விழுந்து எழும் அந்தப் புகை வாசத்தைத் தாச்சியால் ஒருநாளும் தர முடியாது.

ஆனால் சிரட்டைத் தணல் சீக்கிரம் தணியும், பத்துப் பேருக்கென்றால் கடைச் சிரட்டைக்கரிதான் தாங்கும். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் சொசேஜில் பாதி சாம்பல், ஒரு தகரத்தை மறைப்பாக நிறுத்தாமல் முடியாது. மார்கழி மழைக்குப் பயந்து கரியடுப்பை வீட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது, கரியிலிருந்து வரும் நச்சு வாயுவான காபன் மொனொக்சைட்டுக்கு வாசமில்லை.

தாச்சி அலட்டல் இல்லாதது. சொசேஜின் கால்வாசி நனையும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, மூடி, நடுத்தர நெருப்பில் ஐந்து நிமிடம். தண்ணீர் வற்றியதும் கொதிக்கிற சத்தம் 'சொர்' என்று பொரிகிற சத்தமாக மாறும். அப்போது அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு நான்கு நிமிடம் உருட்டினால் போதும். தோல் வெடிக்காது. முள்ளுக்கரண்டியால் மட்டும் குத்தாதீர்கள், சாறு போய்விடும்.

கறன்ட் கிரிலும் இருக்கிறது. சின்னக் கிரிலில் சூடு போதாது, சொசேஜ் சிவக்குமுன் காய்ந்துவிடும். எனக்குப் பிடிக்கவில்லை.

கிழமை நாளில் இரண்டு பேருக்கென்றால் தாச்சி. போயா விடுமுறையில் ஆட்கள் கூடி, காற்றும் அடங்கியிருந்தால் தணல். பணிஸை இரண்டிலும் வெட்டின பக்கம் வாட்டி, சீனிச்சம்பல் வைத்துச் சாப்பிடலாம்.

கச்சான் நாட்களில் நான் அக்காவின் தண்ணீரில் சூடாக்கி எடுத்துப்போய் மாமாவின் தணலில் மூன்றே நிமிடம் வாட்டுகிறேன். மாமாவுக்கு இன்னும் தெரியாது.