வருக்கையா, கூழனா?

குமரி மாவட்டத்துக் குழித்துறையானாலும் சரி, களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனாலும் சரி, சக்கை, அதாவது பலாப்பழம், வாங்க நிற்கிறவர் முதலில் கேட்பது இதைத்தான். கெட்டிச் சுளை வருக்கை என்றால் விலை ஏறும். குழைந்த சுளைக் கூழன் என்றால் பக்கத்து வீட்டுக்காரரே, "எடுத்துட்டுப் போங்க" என்று சும்மா தருவார்.

வெட்டும்போதே ஆள் தெரிந்துவிடும். வருக்கைக்குக் கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் தடவி, நடுத்தண்டை அரிந்து, வழியும் பாலைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் சுளை. நறுக்கென்று கடிபடும். நன்றாகக் கனிந்த கூழனுக்குக் கத்தியே வேண்டாம், கையாலேயே பிளக்கலாம். ஆனால் சுளை வழுக்கும், நாரோடும். கொட்டையைத் துப்புவதற்குள் சுளை தொண்டையில் இறங்கியிருக்கும்.

சத்து அட்டவணையில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே வரிதான். 100 கிராம் பழுத்த சுளையில் சுமார் 95 கலோரி, 23 கிராம் மாவுச்சத்து. அதில் 19 கிராம் சர்க்கரை. பொட்டாசியம் 450 மில்லிகிராமை ஒட்டி வரும், வாழைப்பழத்தைவிட அதிகம். வைட்டமின் சி சுமார் 14 மில்லிகிராம்தான்; மாம்பழத்தில் 36. ஆகவே சி சத்துக்காகச் சக்கை தின்பதாக யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளலாம். சுளையின் மஞ்சள் அடர்ந்தால் கரோட்டினும் கூடும். அது வருக்கைக்கு மட்டும் உரியதல்ல.

என் கணக்கில் வித்தியாசம் தின்னும் வேகத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அப்பாவுக்குச் சர்க்கரை. வருக்கை என்றால் நான்கு சுளையை எண்ணித் தட்டில் வைக்கலாம், மென்று முடிக்க நேரமாகும். கூழனை யார் எண்ணினார்கள்? திரும்பிப் பார்ப்பதற்குள் பாதிப் பழம் காலி.

அதற்காகக் கூழனை ஆட்டுக்குப் போட வேண்டாம். சுளையைக் கிளறிச் செய்யும் சக்கை வரட்டி என்ற இனிப்புக்கு வருக்கையை வேகவைத்து அரைக்க வேண்டும். கூழன் உருளிப் பாத்திரத்தில் தானாகவே கரையும், நாரை வடித்தால் போதும். வெல்லமும் நெய்யும் சேர்ந்து சுருண்டு வரும்போது கலோரிக் கணக்கை மறந்துவிடுங்கள். கொஞ்சநஞ்ச வைட்டமின் சியும் அந்தச் சூட்டில் பெரும்பாலும் போய்விடும்.

கையில் எடுத்துத் தின்ன எனக்கு வருக்கைதான். உருளிக்குக் கூழன்.

சக்கைக்குருவுக்கு, அதாவது பலாக்கொட்டைக்கு, இந்தப் பேதம் கிடையாது. சுளையைவிடப் புரதம் அதில்தான் அதிகம், வேகவைத்துத்தான் தின்ன வேண்டும். மாங்காய் போட்டு வைத்த குழம்பில் எது எந்தச் சக்கையின் குரு என்று எங்கள் வீட்டில் இதுவரை யாரும் கேட்டதில்லை.