மெழுகு பாலிஷா, பெயின்ட் கரெக்‌ஷனா?

அறுவடைக் காலத்தில் தஞ்சாவூர், மன்னார்குடிச் சாலைகளில் ஓடும் காரின் மேல் படியும் வைக்கோல் தூசியை உலர்ந்த துணியால் துடைப்பதாலேயே, வெயிலில் சிலந்தி வலைபோல் தெரியும் நுண்கீறல்கள் விழுகின்றன. மெழுகு பாலிஷ் அவற்றை மறைக்கிறதே தவிர நீக்குவதில்லை. செலவு குறைவுதான், ஆனால் சில வாரங்கள் கழுவினால் கீறல்கள் மீண்டும் தலைகாட்டும். பெயின்ட் கரெக்‌ஷனோ, நிறத்துக்கு மேலுள்ள ‘கிளியர் கோட்’ எனும் நிறமற்ற பூச்சையே மெஷின் பாலிஷரால் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குத் தேய்த்துச் சமன்படுத்துகிறது. அந்தப் பூச்சின் தடிமனே பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான்தான் என்பதால், தடிமன் அளக்கும் கருவி இல்லாத கடையில், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும், இதற்கு வண்டியை விடக்கூடாது. போர்வெல் நீர் காய்ந்து ஆழப் பதிந்த உப்புக்கறைக்குக் கரெக்‌ஷனே வழி. புது வண்டிக்கு மெழுகே போதும்.