டிராக்டர் டி.பி.எஃப் சுத்தம் செய்து தருகிறோம் என்று வரும் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்கட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் இன்னும் நாலு பேர் மாட்டிக்கொள்வார்கள், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். என் சின்ன டிராக்டரின் டி.பி.எஃப்-ஐ, அதாவது டீசல் புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டரைச் சுத்தம் செய்யக் கொடுத்து, வண்டி வாங்கிய விலையில் கால் பங்கை இழந்து நிற்கிறேன். சுத்தம் செய்த கூலி, அவர்கள் நாசமாக்கிய ஃபில்டருக்குப் பதிலாக வாங்கிய புது ஃபில்டர், புது சென்சார், சரியாக வேலை நேரத்தில் வண்டி படுத்ததால் வாடகைக்கு எடுத்த வண்டி, எல்லாம் சேர்ந்து கால் பங்கு.

பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும். ஆள் யாரென்று அடையாளம் தெரிய இது போதும்: கடை எதுவும் கண்ணில் படாது. இணையத்தில் விளம்பரம், ஒரு போன் நம்பர். ஃபில்டரைக் கழற்றிப் பார்சலில் அனுப்பினால் சுத்தம் செய்து பார்சலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

என் வண்டி 35 எச்.பி. இந்த அளவு வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தத் தலைவலி அதிகம். அமெரிக்க விதியில் 19 கிலோவாட், அதாவது சுமார் 25 எச்.பி.க்குக் கீழே உள்ள எஞ்சினுக்குப் புகைத்துகள் வரம்பு ஒரு கிலோவாட் மணிக்கு 0.40 கிராம். அதைத் தாண்டினால் ஒரேயடியாக 0.03. ஐரோப்பாவின் ஐந்தாம் கட்ட விதியில் இன்னும் கம்மி, 0.015. அதனால்தான் இந்த விதிகளுக்காகச் செய்த, 25 எச்.பி.யைத் தாண்டிய வண்டிகளில் பெரும்பாலும் டி.பி.எஃப் உட்கார்ந்திருக்கிறது. அதில் சேரும் கரி எரிய 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். லோடரில் மண் அள்ளுவது, வண்டியை ஐடிலில் விட்டுவிட்டு இறங்கி வேலை பார்ப்பது என்று சின்ன வண்டி செய்யும் வேலையில் அந்தச் சூடு தானாக வராது. அதனால் வண்டியே ரீஜென் கேட்கும், அதாவது ஃபில்டரைச் சூடேற்றிக் கரியை எரிக்கச் சொல்லும். எனக்கும் கேட்டது. நிறுத்தி வைத்து ரீஜென் போட்டேன், எச்சரிக்கை விளக்கு அணைந்தது. ஆனால் ஒரு ரீஜெனுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

போனில் பேசியவர் விலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. முதலில் மணி மீட்டர் எவ்வளவு, அதாவது எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று கேட்டார். ஆயிரத்துச் சொச்சம் என்றேன். என்ன எஞ்சின் ஆயில் ஊற்றுகிறீர்கள், சி.கே.-4 தரம் தானே என்றார். எத்தனை மணிக்கு ஒருமுறை ரீஜென் கேட்கிறது என்றார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்: "சார், கரி வேற, சாம்பல் வேற. கரி எரிஞ்சு போயிடும். ஆயில்ல இருக்கிற கால்சியம், துத்தநாகம் எல்லாம் சாம்பலா நின்னுடும், அது எந்த ரீஜென்லயும் போகாது. உங்களுக்குச் சாம்பல் அடைச்சிருக்கு." கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. அந்த உண்மைகளுக்கு நடுவில்தான் பொய்யைச் செருகினார். உலையில் சுடுவோம், காற்றழுத்தத்தில் ஊதுவோம், முன்னும் பின்னும் எடை போடுவோம், காற்று ஓட்டம் அளப்போம், எல்லாவற்றுக்கும் அச்சடித்த ரிப்போர்ட் தருவோம் என்றார். விஷயம் தெரிந்த ஆள் என்று நம்பி, அவர் கேட்டபடி முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினேன்.

இதைக் கவனியுங்கள். இந்த அளவு எஞ்சின்களில் 3000 மணி நேரம் ஓடுவதற்கு முன்னால் சாம்பல் சுத்தம் செய்யச் சொல்லி அட்டவணை போடவே அமெரிக்க விதி கம்பெனிகளை அனுமதிப்பதில்லை. என் மீட்டர் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. அதை அவர் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் சாம்பல் என்று சொன்னார். வேறு காரணத்தைத் தேடச் சொல்லியிருக்க வேண்டிய ஆள், பார்சல் முகவரி கொடுத்தார்.

ஃபில்டர் திரும்பி வந்தது. வெளியே பளபளவென்று வெள்ளி பெயின்ட். காற்றோட்டத் திசை காட்டும் அம்புக்குறி மேலேயும், பார்ட் நம்பர் மேலேயும் அடித்திருந்தார்கள். ரிப்போர்ட்டில் எடைக்கான இரண்டு கட்டமும் காலி, கீழே "சரி" என்று ஒரு முத்திரை. அதில் ஒட்டியிருந்த படத்தில் இருந்த ஃபில்டரின் விளிம்பில் வரிசையாகப் போல்ட் ஓட்டைகள். என்னுடையது கிளாம்ப் போட்டு இறுக்கும் வகை, அதில் ஓட்டையே கிடையாது. போன் போட்டால் "அது மாதிரிப் படம் சார், எல்லாருக்கும் அதுதான் போகும்" என்றார். எடை? "சிஸ்டத்துல இருக்கு, அனுப்பச் சொல்றேன்." இன்றுவரை வரவில்லை.

மாட்டிய பிறகு லேப்டாப்போடு ஒரு பையனை அனுப்பி, வண்டியின் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சாம்பல் கணக்கை ஜீரோ ஆக்கினார்கள். விளக்கு அணைந்தது. கணக்கை அழித்தால் விளக்கு அணையும், ஃபில்டருக்குள் இருப்பது அப்படியேதான் இருக்கும். கொஞ்ச நாளில் ரொட்டவேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பவர் குறைந்து வண்டி முனக ஆரம்பித்தது. ரீஜென் முடிந்து சூடு ஆறுவதற்குள் அடுத்த ரீஜென் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பணம் போனதைவிட எரிச்சல். முதலில் "கம்ப்யூட்டர் இன்னும் பழகல சார், ஓட்டுங்க". அப்புறம் "உங்க சென்சார் போயிருக்கும்". சென்சாரும் மாற்றினேன். அப்புறம் "டீசல்ல கந்தகம் அதிகமா இருக்கும்". அப்புறம் "பார்சல்காரன் கீழ போட்டிருப்பான், அவங்ககிட்ட கேளுங்க". பிறகு வேறு குரல், "அவர் இப்ப இங்க வேலையில இல்லீங்க". முழுப் பணத்தையும் வாங்கும்போது ராத்திரியிலும் போனை எடுத்தவர்கள் இவர்கள்.

கடைசியில் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் கழற்றிக் காட்டினேன். மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து, முன்முகத்தில் இருக்கும் குட்டிக் குட்டிச் சதுர ஓட்டைகளில் ஒவ்வொன்றாக விட்டார். சுத்தமான ஓட்டை என்றால் கம்பி கடைசி வரை போக வேண்டும். பல ஓட்டைகளில் முக்கால் தூரத்திலேயே முட்டி நின்றது. இழுத்தால் நுனியில் வெளிறிய மாவு. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவியிருக்கிறார்கள். இருந்த கொஞ்சம் சாம்பலும் நனைந்து, பின்பக்கம் போய்ச் சேர்ந்து, சிமென்ட் மாதிரி இறுகிவிட்டது. திருப்பிப் பார்த்தால் பின்முகத்தில் ஒரு பக்கம் கறுப்பு. நல்ல ஃபில்டரின் பின்முகம் கரியில்லாமல் இருக்கும். அங்கே கறுத்தால் உள்ளே இருக்கும் பீங்கானில் விரிசல் விட்டுவிட்டது, கரி வடிகட்டப்படாமல் போகிறது என்று அர்த்தம். இனி அதைக் காப்பாற்ற முடியாது. ஆரம்பத்தில் ரீஜென் அடிக்கடி வந்ததற்குக் காரணத்தையும் அவரே கண்டுபிடித்தார், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒன்று ஒழுகிக் கரி அதிகம் விட்டுக்கொண்டிருந்தது. அது சின்ன வேலை.

இந்தப் படங்களை அவர்களுக்கு அனுப்பினேன். வந்த பதில்: இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் ஃபில்டரின் உள்ளே இருப்பதை முழுசாக உடைத்து எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரையும் மாற்றித் தருவார்களாம், "தொல்லையே இருக்காது சார்". பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இலேயே வகைப்படுத்திவிட்டது. நாள் முழுக்க அந்த வண்டி மேல் உட்காருவது நான். அதற்கும் என்னிடமே காசு கேட்கிறார்கள்.

எப்படிப்பட்ட இடத்தில் கொடுக்கலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. அவசரமாகச் சிலது மட்டும். எடையும் காற்று ஓட்டமும் முன்னும் பின்னும் காட்டாதவனிடம் கொடுக்காதீர்கள். அனுப்புவதற்கு முன் பார்ட் நம்பரையும் இரண்டு முகத்தையும் படம் எடுத்து, நீங்களே ஒருமுறை எடை போட்டு வையுங்கள். தண்ணீரில் கழுவுவீர்களா என்று கேளுங்கள், ஆமாம் என்றால் போனை வைத்துவிடுங்கள். மீட்டர் 3000 பக்கம்கூடப் போகாமல் ரீஜென் அடிக்கடி வந்தால் முதலில் இன்ஜெக்டர், ஈ.ஜி.ஆர் (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி விடும் அமைப்பு), அழுத்த சென்சாரின் ஹோஸ், இவற்றைப் பாருங்கள். முழுப் பணத்தை முன்னால் கட்டவே வேண்டாம்.

கால் பங்கு போய்விட்டது, திரும்பி வருமா என்பது புகார் முடிந்தால்தான் தெரியும். அந்த விளம்பரம் இன்று காலையும் வந்தது, அதே நம்பரோடு. இதே போல் யாராவது ஏமாந்திருந்தால் ரிப்போர்ட்டின் படத்தை எனக்கு அனுப்புங்கள். அந்தப் போல்ட் ஓட்டை ஃபில்டர் உங்கள் ரிப்போர்ட்டிலும் இருந்தால், அதையும் என் புகாரோடு சேர்க்க வேண்டும்.