வெர்ச்சுவல் லேப்ஸ்: ப்ரோகிராம் எழுதும் முன் ஒரு முறை திறந்து பாருங்கள்

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் (தகவலைக் கணினியில் ஒழுங்காக அடுக்கி வைக்கும் முறைகள்) லேப் எடுக்கும் எனக்கு ஒவ்வொரு செமஸ்டரும் ஒரே தலைவலி. மாணவர்கள் ப்ரோகிராமை மனப்பாடம் செய்து அச்சுப் பிசகாமல் அடித்துவிடுவார்கள், அவுட்புட்டும் வந்துவிடும், ஆனால் வைவாவில், எண்களை வரிசைப்படுத்தும் ப்ரோகிராமைக் காட்டி, "இரண்டாவது பாஸ் (பட்டியலை ஒரு முறை கடந்து வருவது) முடிந்ததும் அர்ரே (எண்களின் பட்டியல்) எப்படி இருக்கும்?" என்று கேட்டால் பதில் வராது. அதற்கு எனக்குக் கைகொடுப்பது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் வெர்ச்சுவல் லேப்ஸ், லேப் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் இணையதளம். ஐஐடி டெல்லி ஒருங்கிணைக்க, பல ஐஐடிகளும் ஐஐஐடி ஹைதராபாத், அம்ரிதா போன்றவையும் சேர்ந்து உருவாக்கியது. முழுக்க இலவசம். முன்பு பல சோதனைகள் ஃபிளாஷ் என்ற தனி மென்பொருளில் ஓடின, 2020 இறுதியோடு ஃபிளாஷ் போய்விட்டது, இப்போது வெறும் பிரவுசர் போதும்.

நான் அதிகம் திறப்பது ஐஐஐடி ஹைதராபாத் செய்த டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பகுதி. பக்கத்துப் பக்கத்து எண்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் பபுள் சார்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். டெமோவில் எண்கள் தானாக இடம் மாறுவதைப் பார்க்கலாம், அப்புறம் பயிற்சியில் பக்கத்துப் பக்கத்து எண்களை மாற்றுவதா வேண்டாமா என்று மாணவரே முடிவெடுக்க வேண்டும். முதல் பாஸ் முடியும்போது பெரிய எண் கடைசிக்குப் போய் உட்கார்ந்துவிடுவதைக் கண்ணால் பார்த்த ஒரு பெண், "அப்போ அடுத்த தடவை கடைசி எண்ணைத் தொடவே வேண்டாமே சார்" என்றாள். ப்ரோகிராமின் உள் லூப்பில் 'என் மைனஸ் ஐ மைனஸ் ஒன்' (ஒவ்வொரு பாஸிலும் ஒன்று குறையும் எல்லை) ஏன் வருகிறது என்று நான் போர்டில் எத்தனை முறை எழுதினாலும் ஏறாத விஷயம் அது!

ஆனால் இது சிமுலேஷன்தான். மெமரி முகவரியைக் காட்டும் பாயின்டரைத் தப்பாக விட்டு, ப்ரோகிராம் பாதியில் நின்றுபோகும் செக்மென்டேஷன் ஃபால்ட் வாங்கி, எந்த வரி என்று தேடித் தவிக்கும் அனுபவம் இதில் கிடைக்காது, அது ஜிசிசி கம்பைலரோடு மல்லுக்கட்டித்தான் வரும். சில கல்லூரிகளில் இதைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்கினால் லேப் முடிந்தது என்கிறார்கள், எனக்கு மனசே ஆறவில்லை. பிள்ளைகளின் லேப் நேரத்தை இப்படித் தின்னக் கூடாது.

நான் செய்வது இதுதான்: லேபுக்கு முந்தின நாளே பயிற்சியை முடித்து, ஒவ்வொரு பாஸுக்கும் அர்ரே எப்படி மாறியது என்று அப்சர்வேஷன் நோட்டில் கையால் எழுதி வரச் சொல்வேன், அதைப் பார்த்த பிறகுதான் சிஸ்டத்தில் உட்காரலாம். விளக்கங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு தியரி பக்கத்தை மட்டும் நானே வகுப்பில் சொல்லிவிடுகிறேன். மெர்ஜ் சார்ட், லிங்க்டு லிஸ்ட், ஹேஷ் டேபிள் போன்ற மற்ற லேப் பாடங்களும் அதே இடத்தில் இருக்கின்றன.